‘குழப்படி’ என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை பிள்ளைகள்: ஏடிஎச்டி கண்டறிதலும் குளிசையும்

பிள்ளைக்கு ஏடிஎச்டி இருக்கலாம் என்று வகுப்பாசிரியர் சொல்லி அனுப்புகிறார். கைப்பேசியில் தேடினால் ஒரு காணொளி, “பத்து அறிகுறிகள், ஐந்து இருந்தால் உறுதி” என்கிறது. அடுத்த காணொளி, “இது மருந்துக் கம்பனிகள் கட்டிவிட்ட நோய்” என்கிறது. வீட்டில் அம்மம்மா, “இவன்ர அப்பனும் இப்பிடித்தான், வளர வளரச் சரியாகும்” என்கிறார். இந்த மூன்று குரலையும் ஒரே கிழமைக்குள் கேட்டுவிட்டுத்தான் பெற்றோர் கிளினிக் வாங்கில் வந்து அமர்கிறார்கள். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எதில் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க, அடியிலிருந்து தொடங்க வேண்டும்.

ஏடிஎச்டி என்று எதைச் சொல்கிறார்கள்

தமிழில் இதைக் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு என்று எழுதுகிறார்கள். பெயர் அப்படி இருந்தாலும் இந்தப் பிள்ளைகளுக்குக் கவனம் என்பதே இல்லை என்று எண்ணக் கூடாது. கவனத்தை வேண்டிய இடத்தில் நிறுத்துவது, வேண்டாத இடத்திலிருந்து இழுத்து எடுப்பது, மனதில் வந்ததை உடனே செய்யாமல் கொஞ்சம் பொறுப்பது ஆகியவற்றுக்கான கட்டுப்பாடு வயதுக்கு ஏற்ற அளவில் வளரவில்லை. “இரண்டு மணித்தியாலம் போனில் கேம் விளையாடுகிறானே, பிறகு என்ன கவனக்குறைவு?” என்ற கேள்விக்கும் விடை இதுதான். கேம் சில நொடிக்கு ஒரு தடவை ஏதோ ஒரு பரிசைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. கரும்பலகையில் உள்ள பத்துக் கணக்கைக் கொப்பியில் இறக்குவதற்கு அப்படி ஒன்றும் கிடைப்பதில்லை. குறைபாடு வெளிப்படுவது அந்தப் பத்துக் கணக்கில்.

உலகில் அதிகம் பயன்படும் வரையறை, அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013 இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 என்ற உளநோய்க் கையேடு தருவது. அது அறிகுறிகளை இரண்டு கூட்டமாகப் பிரிக்கிறது. கவனக்குறைவுக் கூட்டத்தில் ஒன்பது: பொருட்களைத் தொலைப்பது, சொன்னது காதில் ஏறாததுபோல் இருப்பது, தொடங்கியதை முடிக்காமல் விடுவது போன்றவை. மிகையியக்கமும் அவசரமும் சேர்ந்த கூட்டத்தில் ஒன்பது: இருக்கையில் தரிக்காதது, கேள்வி முடிய முன்னே பதில் சொல்வது, தன் முறை வரும்வரை பொறுக்காதது போன்றவை. பட்டியலில் குறி இட்டு எண்ணினால் மட்டும் போதாது. கீழே உள்ள ஆறும் சேர்ந்து வர வேண்டும்.

1. ஏதாவது ஒரு கூட்டத்தில் குறைந்தது 6 அறிகுறிகள். 17 வயதிலிருந்து 5 போதும்.
2. குறைந்தது 6 மாதமாக இருக்க வேண்டும். வீடு மாறிய மாதத்திலோ, வீட்டில் ஒரு சாவு நடந்த மாதத்திலோ தொடங்கியது கணக்கில் வராது.
3. சில அறிகுறிகளாவது 12 வயதுக்கு முன்னரே தெரிந்திருக்க வேண்டும்.
4. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும். பாடசாலையில் மட்டும் என்றால் பாடசாலையையும், வீட்டில் மட்டும் என்றால் வீட்டையும் முதலில் பார்க்க வேண்டும்.
5. படிப்பிலோ நட்பிலோ அன்றாட வேலையிலோ உண்மையான இழப்பு இருக்க வேண்டும். துருதுருவென்று இருந்தும் ஒன்றும் கெடாத பிள்ளைக்கு நோய் இல்லை.
6. வேறொரு காரணம் இதைவிட நன்றாக விளக்கக் கூடாது.

இதை உறுதிப்படுத்த இரத்தப் பரிசோதனை இல்லை, ஸ்கானும் இல்லை. பிள்ளையோடு பழகுகிறவர்கள் பார்த்துச் சொல்வதுதான் சான்று. இந்தக் குறைபாட்டைச் சுற்றியுள்ள எல்லாச் சர்ச்சைக்கும் வேர் இங்கேதான்: பார்ப்பவர் எவ்வளவு கவனமாகப் பார்த்தார் என்பதைப் பொறுத்தே முடிவின் தரம் அமைகிறது.

அம்மம்மாவின் சொல்லையும் இங்கே வைத்துப் பார்க்கலாம். இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில், பிள்ளைக்குப் பிள்ளை இருக்கும் வேறுபாட்டில் ஏறத்தாழ 70 முதல் 80 சதவீதம் மரபோடு சேர்த்தே விளக்கப்படுகிறது. எனவே “அப்பனும் இப்பிடித்தான்” என்பது நோய் இல்லை என்பதற்கான சான்று ஆகாது. வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டிய ஒரு தடயம் அது.

அளவுகோல் மாறினால் எண்ணிக்கையும் மாறும்

1902 இல் லண்டன் வைத்தியர் ஜோர்ஜ் ஸ்டில் இத்தகைய பிள்ளைகளை விவரித்தார். 1937 இல் அமெரிக்க வைத்தியர் சார்ள்ஸ் பிராட்லி, தலையிடிக்காகக் கொடுத்துப் பார்த்த பென்சிட்ரின் என்ற ஊக்கி மருந்து பிள்ளைகளின் படிப்பைத் திருத்தியதைக் கவனித்து எழுதினார். இன்று ஏடிஎச்டிக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் குளிசையான மெதைல்பெனிடேட் 1944 இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் உருவாகி, 1954 இல் ரிட்டலின் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. குளிசை வந்த பிறகு நோய் கட்டப்பட்டது என்பது பிழை. ஆனால் குளிசை வந்த பிறகு வரையறை விரிந்தது என்பது உண்மை. 1980 இல் துடியாட்டம் இல்லாத கவனக்குறைவும் அமெரிக்க வரையறைக்குள் வந்தது. 2013 இல், அறிகுறி தொடங்க வேண்டிய வயதெல்லை 7 இலிருந்து 12 ஆகத் தளர்ந்தது.

பழைய உலக சுகாதார நிறுவன வகைப்பாடான ஐசிடி-10, கவனக்குறைவும் மிகையியக்கமும் இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று கேட்டது. அதன்படி எண்ணினால் நூற்றுக்கு ஒன்று, இரண்டு பிள்ளைகள் வருவார்கள். டிஎஸ்எம் அளவுகோலில் உலக ஆய்வுகளைத் திரட்டினால் ஏறத்தாழ 5 சதவீதம். அமெரிக்காவில் 2022 இல் பெற்றோரைக் கேட்டு எடுத்த தேசிய கணிப்பில், 3 முதல் 17 வயது வரையானோரில் 11.4 சதவீதத்தினர் ஒரு தடவையாவது இப்படிக் கண்டறியப்பட்டிருந்தார்கள். “அளவுக்கு மீறிப் பெயர் சூட்டுகிறார்கள்” என்ற குரல் பெரும்பாலும் இத்தகைய அமெரிக்க எண்ணிக்கைகளைப் பார்த்து எழுந்தது. 40 பிள்ளைகள் உள்ள நம் இலங்கை வகுப்பொன்றில் 5 சதவீதம் என்றால் இரண்டு பிள்ளைகள். ஒரு வகுப்பில் எட்டுப் பேருக்கு இது இருக்கிறது என்று யாராவது சொன்னால், அந்த வகுப்பறையைத்தான் முதலில் பரிசோதிக்க வேண்டும்.

“அடிக்கடி” என்ற சொல்

ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் கொடுக்கப்படும் வினாத்தாள்களில் வன்டர்பில்ட், கோனர்ஸ், ஸ்னாப் என்பவை பரவலானவை. வன்டர்பில்ட் தாளில் ஒவ்வொரு வரிக்கும் நான்கு விடை: 0 ஒருபோதும் இல்லை, 1 இடைக்கிடை, 2 அடிக்கடி, 3 மிக அடிக்கடி. 2 அல்லது 3 என்று குறித்தால் அது ஓர் அறிகுறியாக எண்ணப்படும். ஆகவே “இடைக்கிடை”க்கும் “அடிக்கடி”க்கும் இடையில் பேனை எங்கே விழுகிறது என்பதில் ஒரு பிள்ளையின் பெயர்ச்சீட்டே தங்கியிருக்கிறது.

அந்தப் பேனையைத் தள்ளிவிடுகிறவை மூன்று.

முதலாவது, பிறந்த மாதம். இலங்கையில் ஜனவரி 31 ஆந் திகதிக்கு ஐந்து வயது நிறைந்த பிள்ளை தரம் 1 க்குப் போகலாம். 2020 ஜனவரி 30 இல் பிறந்த பிள்ளையும் 2019 பெப்ரவரி 5 இல் பிறந்த பிள்ளையும் 2025 இல் ஒரே வாங்கில் அமர்ந்திருக்கும். இருவருக்கும் இடையே ஏறத்தாழ ஒரு வருடம். ஐந்து வயதில் ஒரு வருடம் என்பது அதுவரை வாழ்ந்ததில் ஐந்திலொரு பங்கு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் அனுமதி எல்லை டிசம்பர் 31. அங்கே 2012 இல் வெளிவந்த ஆய்வில், வகுப்பில் மிக இளையவர்களான டிசம்பர்ப் பிள்ளைகளில், ஜனவரிப் பிள்ளைகளைவிட ஆண்களுக்கு 30 சதவீதமும் பெண்களுக்கு 70 சதவீதமும் கூடுதலாக ஏடிஎச்டி என்று கண்டறியப்பட்டிருந்தது. அமெரிக்காவில் செப்டம்பர் 1 எல்லை உள்ள மாநிலங்களில், ஓகஸ்டில் பிறந்தவர்களுக்குச் செப்டம்பரில் பிறந்தவர்களைவிட 34 சதவீதம் கூடுதல் என 2018 இல் தெரியவந்தது. பிள்ளையின் மூளை மாதம் பார்த்துப் பழுதாவதில்லை. வயதால் சின்னவனை நோயாளி என்று எண்ணிய பிழை இது. நம் எல்லையின்படி வகுப்பில் மிகச் சின்னவர்கள் ஜனவரியில் பிறந்தவர்கள். தாளை நிரப்பும் ஆசிரியர் முதலில் பிறந்த திகதியைப் பார்த்துவிட்டு, அந்த வயதை ஒட்டிய பிள்ளைகளோடுதான் ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது, நெரிசல். நாற்பது பேரை வெக்கையில் வைத்துக்கொண்டு பாடம் எடுக்கிறவருக்கு எழுந்து நடமாடும் பிள்ளை உடனே கண்ணில் படும். பேசாமல் யன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை படாது. தரம் 5 புலமைப்பரிசில் நெருங்கும்போது பொறுமையின் அளவு இன்னும் சுருங்கும். தரம் 2 இல் “இடைக்கிடை” என்று தோன்றியது தரம் 5 இல் “அடிக்கடி” ஆகிவிடும். பிள்ளை மாறியிருக்க வேண்டிய அவசியமில்லை.

மூன்றாவது, நம் மொழியிலுள்ள “குழப்படி” என்ற சொல். மறதியால் கொப்பியைத் தொலைக்கிற பிள்ளை, அடக்க முடியாமல் ஓடுகிற பிள்ளை, சொன்னதை வேண்டுமென்றே மறுக்கிற பிள்ளை, அடிபட்டுப் பயந்து திருப்பி அடிக்கிற பிள்ளை எல்லாரையும் இந்த ஒரு சொல்லால் அழைத்து விடுகிறோம். முதல் இரண்டும் ஏடிஎச்டியாக இருக்கலாம். மற்றவை பெரும்பாலும் வேறு கதை. கிளினிக்குக்கு எழுதி அனுப்பும் கடிதத்தில் “சரியான குழப்படி” என்று ஒரு வரி இருந்தால் வைத்தியருக்கு அதனால் பயனில்லை. “40 நிமிடப் பாடத்தில் ஆறு ஏழு தடவை எழும்புகிறார், கணிதத்திலும் சித்திரத்திலும் ஒரே மாதிரி, அடிப்பதில்லை” என்று எழுதினால் அது சான்று.

இரண்டாவது இடம் எது?

வைத்தியரின் அறை இரண்டாவது இடமாகாது. புது இடம், புது ஆள், பத்து நிமிடம்: மிகத் துடியான பிள்ளைகூட அங்கே அமைதியாக இருந்துவிடும். “என்ர அறையில் நல்லாத்தானே இருந்தான்” என்று சொல்லித் திருப்பி அனுப்பினால் அது சரியான பரிசோதனை ஆகாது. வீட்டுக்கும் பாடசாலைக்கும் வெளியே இங்கே நல்ல சாட்சிகள் இருக்கிறார்கள். ரியூசன் ஆசிரியர், திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியாவிலும் மூதூரிலும் மாலையில் குர்ஆன் மதரசாவில் ஓதிக்கொடுப்பவர், ஞாயிறு அறநெறி வகுப்பு எடுப்பவர், கிரிக்கெட் பழக்குபவர். நாலு பேரில் மூன்று பேர் ஒரே விடயத்தைத் தனித்தனியாகச் சொன்னால் அதற்கு எடை உண்டு.

பெற்றோர் இரண்டு கிழமைக்கு ஒரு சின்னக் கொப்பி வைத்து எழுதினால் மிகவும் உதவும். ஒவ்வொரு சம்பவத்துக்கும் நான்கு குறிப்பு: நேரம், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, அதன் பிறகு பெரியவர் என்ன செய்தார். புல்மோட்டையிலிருந்தோ வெருகலிலிருந்தோ ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு நகரத்துக்கு வரும் தாய்க்கு, வைத்தியரின் முன் நினைவுபடுத்திச் சொல்லக் கிடைக்கும் நேரம் குறைவு. கொப்பி அந்த நேரத்தை மிச்சப்படுத்தும். பிறந்ததிலிருந்து வைத்திருக்கும் பிள்ளையின் சுகாதாரப் பதிவேடு, பாடசாலை முன்னேற்ற அறிக்கைகள், முன்பள்ளி ஆசிரியை எழுதிய குறிப்பு இருந்தால் அதையும் கொண்டுபோக வேண்டும். 12 வயதுக்கு முன் இருந்ததா என்ற கேள்விக்கு அவையே விடை.

ஏடிஎச்டி போலவே தெரியும் வேறு விடயங்கள்

குளிசை எழுத முன் இவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்க வேண்டும். பல, செலவில்லாமல் பார்க்கக்கூடியவை.

1. காது. அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைக்கு நடுக்காதில் நீர் தேங்கி, கேட்டல் குறையலாம். “கூப்பிட்டால் திரும்புவதில்லை” என்பதற்குக் காரணம் அதுவாகவும் இருக்கலாம்.
2. கண். கரும்பலகை தெரியாத பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்க்கும், பிறகு கதைக்கும், பிறகு அடிவாங்கும்.
3. நித்திரை. மூக்கின் பின்னால் உள்ள அடினொயிட் சதையோ தொண்டையில் உள்ள டொன்சிலோ பெருத்து, குறட்டை விட்டு மூச்சுத் தடைப்படும் பிள்ளை பல நேரம் பகலில் சோர்ந்து விழாது, மாறாகத் துடிக்கும். இரவு 11 மணிவரை கைப்பேசி பார்க்கும் பிள்ளையும் அப்படியே. வாயைத் திறந்து தூங்குகிறதா என்று ஓர் இரவு பார்த்தால் தெரியும்.
4. அப்சென்ஸ் வலிப்பு. சில நொடிகள் பார்வை நிலைகுத்தி, பேச்சு நடுவில் நின்று, பிறகு ஒன்றும் நடக்காததுபோல் தொடரும். கனவு காண்கிறான் என்று நினைப்பார்கள். கனவு காணும் பிள்ளை தோளைத் தொட்டால் திரும்பும், இது திரும்பாது.
5. இரும்புச்சத்துக் குறைவும் தைரொயிட் கோளாறும். இவற்றுக்கு இரத்தப் பரிசோதனை உண்டு.
6. வாசிப்பிலோ கணக்கிலோ குறிப்பிட்ட கற்றல் இடர்பாடு. தமிழ்ப் பாடத்தில் மட்டும் துடிக்கிற பிள்ளை சங்கீத வகுப்பில் அமைதியாக இருந்தால் இதை நினைக்க வேண்டும். ஏடிஎச்டியோடு சேர்ந்தும் வரும்.
7. ஓட்டிசம். 2013 க்கு முந்திய டிஎஸ்எம் இரண்டையும் ஒரே பிள்ளைக்குச் சொல்ல அனுமதிக்கவில்லை. இப்போது இரண்டும் சேர்ந்து இருக்கலாம் என்று ஏற்கிறார்கள்.
8. பயமும் இழப்பும். இதற்குத் தனியாகச் சில வரிகள் வேண்டும்.

திருகோணமலை மாவட்டம் 2004 டிசம்பர் 26 இல் கடல்கோளையும், 2006 இல் போரால் மூதூர், சம்பூர் இடப்பெயர்வையும் கண்டது. இன்று தரம் 3 இல் இருக்கும் பிள்ளை அவற்றைப் பார்க்கவில்லை. ஆனால் பார்த்தவர்களிடம் வளர்கிறது. தாய் வளைகுடா நாட்டில் வேலை செய்ய, அம்மம்மாவோடு இருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். குடித்துவிட்டு வரும் தகப்பன் எப்போது கதவைத் தட்டுவார் என்று காதைத் தீட்டி வைத்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட பிள்ளை ஒவ்வொரு சத்தத்துக்கும் திரும்பும், ஓரிடத்தில் தரிக்காது, சொன்னதை மறக்கும். வினாத்தாளில் அதற்கு ஏடிஎச்டிக்குரிய எண்ணிக்கையே வரும். பிரித்தறிய உதவும் கேள்வி ஒன்று: எப்போது தொடங்கியது? ஏடிஎச்டி சின்ன வயதிலிருந்து கிட்டத்தட்ட ஒரே சீராக வரும். பயத்தால் வந்தது ஒரு சம்பவத்துக்குப் பிறகு தொடங்கி, நித்திரையில் திடுக்கிட்டு எழுவது, படுக்கையில் சிறுநீர் போவது, குறிப்பிட்ட இடத்துக்குப் போக மறுப்பது ஆகியவற்றையும் கூட்டிவரும். இந்தப் பிள்ளைக்கு முதலில் வேண்டியது அச்சமில்லாத வீடு. அதற்குக் குளிசை கிடையாது.

காணாமல் விடப்படும் பிள்ளை

“எல்லாருக்கும் பெயர் வைக்கிறார்கள்” என்ற குற்றச்சாட்டைக் கேட்டுக் கேட்டு மறுபக்கத்தை மறந்துவிடுகிறோம். பெண் பிள்ளைகளில் துடியாட்டம் குறைந்த, கவனக்குறைவு மட்டும் கூடிய வகை ஒப்பீட்டளவில் அதிகம். அவள் யாரையும் தள்ளமாட்டாள், கத்தமாட்டாள். கொப்பியின் நடுவில் பக்கம் விட்டு எழுதுவாள், பென்சிலைக் கிழமைக்கு மூன்று தொலைப்பாள், வீட்டுவேலை இருந்தது என்பதையே மறப்பாள். “நல்ல பிள்ளை, கொஞ்சம் மந்தம்” என்று அறிக்கையில் எழுதப்படும். க.பொ.த சாதாரண தரத்தில் பாடங்கள் பெருகும்போது முழுவதும் சரியும். அந்த நேரத்தில் அவளே தன்னை மந்தம் என்று நம்பத் தொடங்கியிருப்பாள். மருந்து மலிந்த நாடுகளின் விவாதத்தை அப்படியே இங்கே இறக்கினால் இந்தப் பிள்ளைதான் முதலில் பாதிக்கப்படும். திருகோணமலையில் சத்தமான பிள்ளைக்குத் தவறாகப் பெயர் விழுவதும், சத்தமில்லாத பிள்ளை தவறவிடப்படுவதும் ஒரே வகுப்பில் நடக்கக்கூடியவை. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: அவசரமில்லாமல் பார்ப்பது.

குளிசைக்கு முன் செய்ய வேண்டியது

பிரித்தானியாவில் மருத்துவ வழிகாட்டல்களைத் தயாரிக்கும் நைஸ் நிறுவனம் 2018 இல் வெளியிட்ட வழிகாட்டல், 5 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோர் பயிற்சியையே முதலில் சொல்கிறது. 5 வயதுக்கு மேல், வகுப்பிலும் வீட்டிலும் மாற்றங்கள் செய்த பிறகும் குறிப்பிடத்தக்க இழப்பு தொடர்ந்தால் மருந்தைப் பரிசீலிக்கச் சொல்கிறது. “மாற்றங்கள்” என்றால் அறிவுரை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. செய்முறை உண்டு.

வீட்டில்: அடுத்த அறையிலிருந்து கத்துவது வேலை செய்யாது. கிட்டப் போய், பெயர் சொல்லி, தோளில் கை வைத்து, ஒரே ஒரு வேலையைச் சொல்ல வேண்டும். “முகத்தைக் கழுவி, உடுப்பு மாத்தி, கொப்பி எடுத்துக்கொண்டு வா” என்பது மூன்று வேலை. இரண்டாவது எங்கேயோ போய்விடும். சொன்னதைப் பிள்ளையைத் திருப்பிச் சொல்லவைத்து, பத்து நொடி பொறுக்க வேண்டும்.

வகுப்பில்: முதல் வரிசை, யன்னலுக்கும் கதவுக்கும் தள்ளி, அமைதியான ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில். நீண்ட பயிற்சியை மூன்றாக மடித்துக் கொடுத்து, ஒவ்வொரு மடிப்பும் முடிய எழும்பி வந்து காட்டச் சொல்ல வேண்டும். எழும்பி நடப்பதற்கு அனுமதி கிடைக்கிறது, வேலையும் முடிகிறது.

இதில் நல்ல பலன் தருவது நாளாந்த அட்டை. செய்யும் விதம் இது:

1. மூன்று இலக்கு மட்டும். கண்ணால் பார்த்து ஆம், இல்லை என்று சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். “பலகையை அழிக்க முன் எழுதி முடித்தார்”, “கை உயர்த்திவிட்டுப் பேசினார்”, “இடைவேளை மணிக்குப் பிறகு நேரே வகுப்புக்கு வந்தார்”. “நல்ல பிள்ளையாக இருந்தார்” என்பது இலக்கு ஆகாது.
2. தொடங்க முன் ஒரு கிழமை பிள்ளைக்குச் சொல்லாமல் எண்ண வேண்டும். மூன்று இலக்கையும் நான்கு பாடவேளையில் பார்த்தால் 12 கட்டம். அதில் 6 சரி கிடைத்தால், முதற் கிழமை இலக்கை 7 அல்லது 8 இல் வைக்க வேண்டும். 12 இல் வைத்தால் முதல் நாளே தோற்று, மூன்றாம் நாள் அட்டையைக் கிழித்துவிடும்.
3. ஆசிரியர் சரி அடையாளம் மட்டும் போட வேண்டும். சிவப்புப் பேனையில் குறை எழுதத் தொடங்கினால் அட்டை வீடு வந்து சேராது.
4. பரிசு அன்று மாலையே. கடற்கரையில் பதினைந்து நிமிடம் சைக்கிள், தகப்பனோடு ஒரு ஓவர் கிரிக்கெட். “புலமைப்பரிசில் பாஸ் பண்ணினால் புதுச் சைக்கிள்” என்பது ஏழு மாதம் தள்ளியுள்ள பரிசு. இந்த மூளைக்கு அது இல்லாததற்குச் சமன்.

இரண்டாம் கிழமையில் இது பெரும்பாலும் நின்றுபோகும். ஆசிரியருக்கு வேலை கூடிவிட்டது, அல்லது பிள்ளை திருந்திவிட்டது என்று வீட்டில் பரிசை விட்டுவிட்டார்கள். விடாமல் ஓடினால்தான் பயன் தெரியும். அடி இதற்கு மாற்று ஆகாது. பாடசாலையில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கை இருக்கிறது. அதைவிட, அடிக்குப் பயந்த பிள்ளை பொய் சொல்லப் பழகுமே தவிர, கவனிக்கப் பழகாது.

குளிசை என்ன செய்கிறது, என்ன செய்யாது

மெதைல்பெனிடேட் மூளையில் டோபமின், நோரட்ரினலின் என்ற இரண்டு இரசாயனங்கள் உறிஞ்சி எடுக்கப்படுவதைத் தாமதப்படுத்துகிறது. நெற்றிப் பக்கத்து மூளையில் அவை கொஞ்சம் கூடுதலாக நிற்கும்போது, மனதில் வந்ததைத் தள்ளிப்போடவும் பொறுக்கவும் இலகுவாகிறது. ஊக்கி எப்படி அமைதிப்படுத்தும் என்ற கேள்விக்கு இதுவே விடை: அது ஊக்குவது பிரேக்கை.

1971 ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் உளப்பாதிப்புப் பொருட்கள் சமவாயத்தின் இரண்டாம் அட்டவணையில் இது இருக்கிறது. எனவே சாதாரண பாமசியில் சும்மா கேட்டு வாங்கும் குளிசை இல்லை. வைத்தியரின் எழுத்து வேண்டும், அளவை அவர்தான் கூட்டவும் குறைக்கவும் வேண்டும். பொதுவாக 5 மில்லிகிராமில் தொடங்கி, கிழமைக்கு 5 முதல் 10 மில்லிகிராம் கூட்டி, ஒரு நாளில் 60 மில்லிகிராமைத் தாண்டாமல் நிறுத்துவார்கள். சிறு பிள்ளைக்கு அதன் அருகேகூடப் போகத் தேவைப்படுவதில்லை.

ஒரு பாடசாலை நாளில் வைத்துப் பார்த்தால் தெளிவாகும். காலை 7 மணிக்கு இடியப்பமும் சொதியும் சாப்பிட்ட பிறகு குளிசை. 7.30 க்குப் பாடசாலை தொடங்கும்போது வேலை செய்ய ஆரம்பிக்கும். 9 மணியை ஒட்டி உச்சம். மூன்று நான்கு மணித்தியாலத்தில் இறங்கிவிடும், அதாவது 10 க்கும் 11 க்கும் இடையில். இடைவேளைக்குப் பிறகு வரும் பாடங்களில் பிள்ளை பழையபடி. “காலையில் நல்லம், பின்னேரம் மோசம்” என்று ஆசிரியர் சொன்னால் மருந்து தோற்கவில்லை, முடிந்துவிட்டது. பிற்பகல் ரியூசனைப் பார்த்து, “குளிசை வேலை செய்யவில்லை” என்று முடிவெடுப்பதும் இதே பிழை. இறங்கும் நேரத்தில் அரை மணித்தியாலம் சிடுசிடுப்பும் அழுகையும் வரலாம். வைத்தியர் நண்பகலில் இரண்டாவது அளவைச் சேர்க்கலாம். அப்போது அதைப் பாடசாலையில் யார் பூட்டி வைத்து யார் கொடுப்பது என்பதை அதிபரோடு எழுத்தில் தீர்த்துக்கொள்ள வேண்டும். பிள்ளையின் பையில் குளிசை போகக் கூடாது. பின்னேரம் 4 மணிக்குப் பிறகு கொடுத்தால் இரவு நித்திரை கெடும். நீண்டநேரம் வேலை செய்யும் வகைகள் 8 முதல் 12 மணித்தியாலம் நிற்கும். அவற்றை உடைத்தோ மென்றோ விழுங்கினால் முழு அளவும் ஒரே தடவையில் இறங்கிவிடும்.

இது ஒத்துவராதவர்களுக்கு அட்டொமொக்செட்டின் என்ற ஊக்கியல்லாத மருந்து உண்டு. ஒவ்வொரு நாளும் எடுக்க வேண்டும், முழுப் பலன் தெரிய நான்கு முதல் ஆறு கிழமை பிடிக்கும். இரண்டாம் கிழமையில் “ஒன்றும் காணவில்லை” என்று நிறுத்திவிடுவது வழக்கமான தவறு.

கவனிக்க வேண்டியவற்றில் முக்கியமானவை:

1. பசி. மதியச் சாப்பாடு குறையும். குளிசைக்கு முன் வயிறு நிறையக் காலைச் சாப்பாடும், மருந்து இறங்கிய பிறகு மாலையில் நல்ல சாப்பாடும் கொடுத்து ஈடு செய்ய வேண்டும். ஏற்கெனவே எடை குறைந்த பிள்ளையில் இது சின்ன விடயம் இல்லை.
2. பொம்மை மாதிரி இருத்தல். சிரிப்பும் விளையாட்டும் போய், ஒரே இடத்தில் பார்த்துக்கொண்டிருந்தால் அளவு கூடிவிட்டது. சில ஆசிரியர்கள் இதைப் பார்த்து மகிழ்வார்கள். அடுத்த கிளினிக் நாள்வரை பொறுக்காமல் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.
3. இதயம். பிள்ளைக்கு இதய நோய் இருந்தால், ஓடும்போது மயங்கி விழுந்திருந்தால், குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருந்தால் தொடங்க முன் சொல்ல வேண்டும். நாடித் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஒவ்வொரு அளவு மாற்றத்துக்கு முன்னும் பின்னும், பிறகு 6 மாதத்துக்கு ஒரு தடவையும் பார்க்க வேண்டும்.
4. வளர்ச்சி. 10 வயது வரையானவர்களில் எடையை 3 மாதத்துக்கு ஒரு தடவையும், எல்லாப் பிள்ளைகளிலும் உயரத்தை 6 மாதத்துக்கு ஒரு தடவையும் அளந்து வளர்ச்சிக் கோட்டில் குறிக்க வேண்டும். தொடர்ந்து எடுத்தவர்களில் முதல் மூன்று வருடத்தில் 2 சென்ரிமீற்றர் அளவுக்கு உயரம் பின்தங்கியதைப் பெரிய ஆய்வொன்று காட்டியது.
5. புள்ளிகளை மட்டும் பார்த்து அளத்தல். குளிசை பெருக்கல் வாய்ப்பாட்டைக் கற்பிக்காது. கற்பிக்கும்போது இருந்து கேட்க உதவும், அவ்வளவுதான்.

“பழக்கமாகிப் போதைக்குப் போகும்” என்ற பயம் பல வீடுகளில் இருக்கிறது. வைத்தியர் சொன்ன அளவில் எடுத்த பிள்ளைகள் பிற்காலத்தில் போதைக்கு அதிகம் போனதாகப் பெரிய ஆய்வுகள் காட்டவில்லை. அண்ணனோ நண்பனோ பரீட்சைக்கு விழித்திருக்க எடுத்துப் பாவிப்பதுதான் ஆபத்து. பெட்டி பூட்டில் இருக்க வேண்டும்.

ஆய்வாளர்கள் எதில் உடன்படவில்லை

குறுகிய காலப் பலனில் சண்டை குறைவு. 2018 இல் 133 பரிசோதனைகளைத் திரட்டி ஒப்பிட்ட ஆய்வு, பிள்ளைகளுக்கு முதல் தெரிவாக மெதைல்பெனிடேட்டையே சொன்னது. ஆனால் மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் கொக்ரேன் அமைப்பின் 2015 மீளாய்வு, அதே மருந்தின் 185 பரிசோதனைகளைப் பார்த்துவிட்டு, பலன் தெரிகிறது, சான்றின் தரம் மிகக் குறைவு என்றது. பசியின்மையும் நித்திரையின்மையும் யார் குளிசை எடுத்தார், யார் வெறும் மாவுக் குளிசை எடுத்தார் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். அதன் பிறகு மதிப்பெண் போடுபவர் நடுநிலையில் இருப்பது கடினம் என்பது அவர்களின் ஒரு வாதம். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இதைச் சேர்க்கும் கோரிக்கை 2019 இலும் 2021 இலும் ஏற்கப்படவில்லை.

நீண்ட காலத்துக்கு மிகவும் பேசப்படுவது 1999 இல் வெளிவந்த அமெரிக்காவின் எம்டிஏ ஆய்வு. 579 பிள்ளைகளை நான்கு குழுவாகப் பிரித்து 14 மாதம் பார்த்தார்கள். கவனமாக அளவு பார்த்துக் கொடுத்த மருந்து, நடத்தைப் பயிற்சி மட்டும் கொடுத்ததைவிட அறிகுறிகளைக் கூடுதலாகக் குறைத்தது. மூன்றாம் ஆண்டில் பார்க்கும்போது குழுக்களுக்கு இடையேயான வேறுபாடு மறைந்திருந்தது. மருந்தை எதிர்ப்பவர்கள் இரண்டாவதை மட்டும் சொல்வார்கள், ஆதரிப்பவர்கள் முதலாவதை மட்டும். 14 மாதத்துக்குப் பிறகு யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை ஆய்வு தீர்மானிக்கவில்லை. பலர் நிறுத்தினார்கள், பலர் புதிதாகத் தொடங்கினார்கள், நெருங்கிய கண்காணிப்பும் நின்றது. எனவே அது சொல்வது இவ்வளவு: நன்றாகக் கவனித்துக் கொடுக்கும்வரை பலன் உண்டு, ஒரு தடவை தொடங்கிவிட்டால் எதிர்காலம் பத்திரம் என்று எண்ணுவதற்கு இடமில்லை.

வருடத்துக்கு ஒரு தடவை கேட்க வேண்டிய கேள்வி

குளிசை இன்னும் தேவையா என்று வருடத்துக்கு ஒரு தடவையாவது மீளாய்வு செய்ய வேண்டும். வைத்தியரின் சம்மதத்தோடு ஒன்று இரண்டு கிழமை நிறுத்திப் பார்ப்பது ஒரு வழி. எப்போது நிறுத்துகிறோம் என்பதில்தான் பிழை நடக்கிறது. விடுமுறையில் நிறுத்தி, “ஒரு பிரச்சினையும் இல்லையே” என்பார்கள். விடுமுறையில் இருந்து எழுதச் சொல்ல யாரும் இல்லை. புலமைப்பரிசிலுக்கு முந்திய மாதத்தில் நிறுத்துவார்கள். அப்போது எல்லாப் பிள்ளைகளுமே பதற்றத்தில் இருக்கும். புது வகுப்பு தொடங்கிய முதற் கிழமையும் சரிவராது, ஆசிரியருக்குப் பிள்ளையைத் தெரியாது. தவணையின் நடுவில், பரீட்சையோ விளையாட்டுப் போட்டியோ இல்லாத இரண்டு கிழமையை எடுக்க வேண்டும். ஆசிரியர் தொடக்கத்தில் நிரப்பிய அதே தாளை ஒரு கிழமை மருந்தோடும் மற்றக் கிழமை மருந்தில்லாமலும் நிரப்ப வேண்டும். எந்தக் கிழமை எது என்பது அவருக்குத் தெரியாமலிருந்தால் இன்னும் நல்லது. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “அடிக்கடி” என்று குறித்த வரிகளை எண்ணி, கிளினிக் கொப்பிக்குள் செருகி எடுத்துப் போனால், அடுத்த வருடத்துக்கான முடிவை வைத்தியரும் பெற்றோரும் அந்த இரண்டு தாளிலிருந்தே எடுக்கலாம்.